அபூர்வமான ஆங்கிலச் சொற்களை வாக்கியத்தில் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் ஓரளவு கைக்கு வந்துவிட்டவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, யாரும் அதிகம் தொடாத சொல் ஒன்றைத் தேடிப்பிடித்து எழுதிப் பார்ப்பது. ஆசைப்படுவதில் தப்பில்லை. பொருள் தெரிந்தால் போதும் என்று இறங்குகிறோமே, அங்கேதான் கால் இடறுகிறது. மாணவர்களும், அலுவலகத்தில் மெயில் எழுதுகிறவர்களும், மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆங்கில வாக்கியங்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அகராதியில் பொருள் பார்த்துத்தான் எழுதுகிறேன். பிறகும் வாக்கியம் ஏன் ஒட்டாமல் நிற்கிறது?

அகராதி தருவது பாதிதான். அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எந்தக் குரலில் பேசும் என்பது மீதிப் பாதி.

'ஃபராகோ' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மே மாதம் சசி தரூர் ஒரு ட்வீட்டில் இதைப் போட்ட பிறகு நாடே அகராதியைப் புரட்டியது. லத்தீனில் மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனத்துக்கு இந்தப் பெயர். ஆங்கிலத்தில் 'கலவை, குழப்படி' என்று பொருள். 'கலவை' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் 'எ ஃபராகோ ஆஃப் ஃப்ரூட்ஸ்' என்று எழுதினால் இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஃபராகோவுக்குப் பின்னால் 'ஆஃப்' வரும். அதற்குப் பின்னால் பொய், புரட்டு, அரைகுறை உண்மை, உளறல் இப்படி ஏதாவது வரும். பழமோ பூவோ வராது. 'ஹிஸ் ஸ்டேட்மென்ட் வாஸ் எ ஃபராகோ ஆஃப் ஹாஃப்-ட்ரூத்ஸ்' என்றால் சரி: அவருடைய அறிக்கை அரை உண்மைகளின் கதம்பம். தரூரும் திரிபு, தவறான சித்திரிப்பு, அப்பட்டமான பொய் என்று மூன்றைத்தான் அதற்குப் பின்னால் அடுக்கினார். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட பலர் அந்த 'ஆஃப்'-ஐக் கோட்டை விட்டார்கள்.

சில சொற்கள் ஒரே ஒரு தொடரில் மட்டும்தான் வருமாமே?

ஆமாம். தமிழிலேயே 'அல்லும் பகலும்' என்கிறோம். அல் என்றால் இரவு. அதற்காக 'நேற்று அல் முழுக்க மழை' என்று யாரும் சொல்வதில்லை. பகலோடு சேர்ந்துதான் அந்தச் சொல் இன்று பிழைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இப்படி நிறைய உண்டு.

'ஷ்ரிஃப்ட்' என்றால் பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது. மரண தண்டனைக் கைதிக்கு அதற்குக் கொஞ்ச நேரம்தான் தருவார்கள். அதுதான் 'ஷார்ட் ஷ்ரிஃப்ட்'. இன்று அதற்குப் பொருள், ஒன்றைச் சட்டை செய்யாமல் ஒதுக்கிவிடுவது. 'தி கமிட்டி கேவ் ஹிஸ் ப்ரப்போசல் ஷார்ட் ஷ்ரிஃப்ட்': குழு அவருடைய திட்டத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரும்பாலும் 'கிவ்' அல்லது 'கெட்' என்ற வினை இதோடு வரும். 'லாங் ஷ்ரிஃப்ட்' என்று எழுதினால் அது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு.

'ஆஃபிங்' என்பது கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக் கடல். அங்கே கப்பல் தெரிந்தால் சீக்கிரம் கரைக்கு வந்துவிடும். அதனால் 'இன் தி ஆஃபிங்' என்றால் விரைவில் நடக்கவிருப்பது. 'கித் அண்ட் கின்'-இல் கித் தெரிந்தவர்கள், கின் உறவுக்காரர்கள், இரண்டையும் பிரிக்காதீர்கள். 'பேட்டட் ப்ரெத்' என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. அதைத் தூண்டில் இரைக்கு எழுதுகிற எழுத்துக்களில் எழுதிவிடுகிறார்கள், ஆங்கிலேயர்கள் உட்பட.

மண்வாசனைக்கு ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறதே, அதை எப்படிப் பயன்படுத்துவது?

'பெட்ரிகோர்'. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார்கள். கல் என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லையும், கிரேக்கக் கடவுளரின் நாளங்களில் ஓடும் திரவத்தின் பெயரையும் ஒட்டியது. வறண்ட காலத்தில் பாறையும் மண்ணும் உறிஞ்சிக்கொண்ட எண்ணெய்ப் பசைக்குத்தான் முதலில் இந்தப் பெயர். இப்போது வாசனைக்கே ஆகிவிட்டது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இதே வாசனையை 'மிட்டி அத்தர்' என்று நெடுங்காலமாக வடித்து விற்கிறார்கள்.

எண்ண முடியாத பெயர்ச்சொல் இது. 'எ பெட்ரிகோர்', 'பெட்ரிகோர்ஸ்' எல்லாம் கிடையாது. 'தி ஃபர்ஸ்ட் ரெயின் ப்ராட் தி பெட்ரிகோர் இன் த்ரூ தி விண்டோ' என்று எழுதலாம். வறண்ட தரையில் விழும் மழைக்குத்தான் இது பொருந்தும். நவம்பரில் நாலு நாளாக விடாமல் கொட்டி, தெருவெல்லாம் சாக்கடைத் தண்ணீர் ஓடும்போது பெட்ரிகோர் பற்றிக் கவிதை எழுதக்கூடாது.

இன்னொரு விஷயம், இன்ஸ்டாகிராம் தலைப்புகளில் இந்தச் சொல் தேய்ந்துபோய்விட்டது. 'தி ஸ்மெல் ஆஃப் வெட் எர்த்' என்று எளிமையாக எழுதினால் பல இடங்களில் அதுதான் நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

'டிஃபெனஸ்ட்ரேட்' என்றால் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவதாம். இதற்கெல்லாம் ஒரு சொல் எதற்கு?

வரலாறு அப்படி. 1618 மே 23 அன்று, இன்றைய செக் நாட்டின் பிராக் கோட்டையில், புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் புனித ரோமானியப் பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார்கள். கிட்டத்தட்ட இருபது மீட்டர் உயரம். மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிக்கொண்டாள் என்று ஒரு தரப்பு சொன்னது. கீழே குப்பைமேடு இருந்தது என்று மறு தரப்பு சொன்னது. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் அங்கிருந்துதான் மூண்டது.

ஜன்னலுக்கு லத்தீனில் 'ஃபெனெஸ்ட்ரா'. பெயர்ச்சொல் 'டிஃபெனஸ்ட்ரேஷன்'. வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும், அது பெரும்பாலும் ஒரு ஆளாக இருக்கும். இன்று பத்திரிகைகளில் பதவியிலிருந்து தூக்கி எறிவதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது: 'தி போர்டு டிஃபெனஸ்ட்ரேட்டட் தி சேர்மன் வித்தின் எ வீக்.' வேலை செய்யாத பிரிண்டரைப் பற்றி வேடிக்கையாக 'ஐ வான்ட் டு டிஃபெனஸ்ட்ரேட் திஸ் பிரிண்டர்' என்றும் சொல்லலாம்.

எங்கே போடக்கூடாது என்பதுதான் முக்கியம். இந்தச் சொல்லுக்குள் ஒரு குறும்புச் சிரிப்பு இருக்கிறது. மாடியிலிருந்து ஒருவர் நிஜமாகவே விழுந்து இறந்த செய்தியில் இதைப் போட்டால், துக்க வீட்டில் ஜோக் அடித்த கதையாகிவிடும்.

'செரண்டிபிட்டி'யும் அதிர்ஷ்டமும் ஒன்றா?

இல்லை. லாட்டரியில் பரிசு விழுந்தால் அது வெறும் அதிர்ஷ்டம். செரண்டிபிட்டிக்கு இரண்டு வேண்டும்: எதையோ தேடப் போய் வேறொன்று தட்டுப்பட வேண்டும், தட்டுப்பட்டதன் மதிப்பை உணரும் புத்தியும் வேண்டும். ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லை உருவாக்கினார். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவர், தாங்கள் தேடாதவற்றையெல்லாம் வழியில் கண்டுகொள்ளும் பாரசீகக் கதை ஒன்றிலிருந்து எடுத்தது. செரண்டிப் என்பது நம் பக்கத்து இலங்கைதான். அரபிகளும் பாரசீகர்களும் அதை அப்படி அழைத்தார்கள்.

1928இல், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்கின் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் பூஞ்சை பிடித்தது தற்செயல். அதைக் கழுவிக் கொட்டாமல், பூஞ்சையைச் சுற்றி மட்டும் பாக்டீரியா ஏன் செத்திருக்கிறது என்று பார்த்தது அவருடைய கண். இரண்டும் சேர்ந்ததுதான் செரண்டிபிட்டி. வாக்கியத்தில் 'பை செரண்டிபிட்டி', 'பை ஷீர் செரண்டிபிட்டி' என்று வரும். பெயரடை 'செரண்டிபிட்டஸ்', அதற்குத் துணை 'டிஸ்கவரி', 'மீட்டிங்', 'என்கவுன்ட்டர்' போன்றவை.

ஒரே சொல்லுக்கு இரண்டு அகராதிகள் நேர் எதிரான பொருள் தருகின்றன. எதை நம்புவது?

'நான்ப்ளஸ்ட்'-ஐத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'இனி மேற்கொண்டு ஒன்றுமில்லை' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது. திகைத்துப்போய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுதான் இதன் பழைய பொருள். 'நான்' என்ற எதிர்மறையைப் பார்த்துவிட்டு 'அசராமல் நிற்பது' என்று அமெரிக்காவில் பலர் எடுத்துக்கொண்டார்கள். இப்போது 'ஹி வாஸ் நான்ப்ளஸ்ட்' என்றால் திகைத்தாரா, அலட்டிக்கொள்ளவில்லையா என்பது படிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. மொழிப் பயன்பாட்டைப் பற்றி எழுதும் அமெரிக்கரான பிரையன் கார்னர் இத்தகைய சொற்களை 'ஸ்கங்க்ட்' என்கிறார். ஸ்கங்க் என்பது நாற்றம் பீய்ச்சும் விலங்கு. எந்தப் பொருளில் எழுதினாலும் யாரோ ஒருவர் மூக்கைப் பிடிப்பார், அதனால் கொஞ்ச காலம் தள்ளியே வையுங்கள் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சிதான்.

'ஃபுல்சம்' இதைவிட ஆபத்து. 'நிறைவான' என்று நினைத்து நன்றியுரையில் 'தேங்க் யூ ஃபார் யுவர் ஃபுல்சம் ப்ரெய்ஸ்' என்று சொன்னால், 'உங்கள் திகட்டத் திகட்ட முகஸ்துதிக்கு நன்றி' என்று சிறப்பு விருந்தினர் காதில் விழலாம். 'பெனல்டிமேட்' அல்டிமேட்டுக்கும் மேல் என்று சிலர் நினைக்கிறார்கள். கடைசிக்கு முந்தையது, அவ்வளவுதான். 'எனார்மிட்டி'யை அளவுக்குப் போடாமல் கொடுமைக்குப் போட்டால் யாரும் திருத்த மாட்டார்கள்: 'தி எனார்மிட்டி ஆஃப் தி க்ரைம்'.

அலுவலக மெயிலில் 'ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்' என்று எழுதலாமா?

உங்கள் மெயில் இந்திய அலுவலகம் ஒன்றுக்குப் போகிறது என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று தமிழில் எழுதுகிறோமே, அதன் ஆங்கில ஜோடி அது. அதேபோல 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்பதற்கு 'டூ தி நீட்ஃபுல்'. இரண்டாவது ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் சாதாரணமாகப் புழங்கியதுதான். அங்கே பழசாகிவிட்டது, இங்கே நிலைத்துவிட்டது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'ஃபார் யுவர் ரிவ்யூ' போதும். 'நீட்ஃபுல்'-க்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடுங்கள்: ஃபைலில் கையெழுத்தா, பணமா, பதிலா?

'பெரூஸ்' என்ற வினைக்குக் கவனமாகப் படிப்பது என்றுதான் பொருள். மேலோட்டமாகப் புரட்டுவதற்கும் இன்று பலர் சொல்கிறார்கள். இதுவும் ஸ்கங்க் வகைதான்.

அப்படியானால், குறித்த நேரத்துக்கு முன்னதாக மாற்றி வைப்பது என்ற பொருளில் 'ப்ரீபோன்'?

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது, இந்திய வழக்கு என்ற குறிப்போடு. தவறான சொல் என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள். வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும், பிரிட்டிஷார் என்றால் 'ப்ரிங் ஃபார்வர்ட்', அமெரிக்கர் என்றால் 'மூவ் அப்'.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை நம் விருப்பப்படி பயன்படுத்தலாம்தானே?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சொல் நம்முடையது, பொருள் இப்போது அவர்களுடையது.

'கட்டமரான்' நம் கட்டுமரம்தான். ஆனால் ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகு. 'தி ஃபிஷர்மென் வென்ட் அவுட் ஆன் தேர் கட்டமரான்ஸ்' என்று எழுதினால் லண்டன் வாசகர் மனதில் பளபளக்கும் உல்லாசப் படகு மிதக்கும். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். 'அணிகட்' அணைக்கட்டிலிருந்து வந்தது. கல்லணையை 'கிராண்ட் அணிகட்' என்றும், 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டியதை 'அப்பர் அணிகட்' என்றும் சொல்கிறோம். இந்தியா, இலங்கைப் பொறியாளர்களைத் தாண்டினால் இந்தச் சொல் விளங்காது, 'வியர்' என்று எழுத வேண்டும். 'ஷெரூட்' சுருட்டு, இரண்டு முனையும் வெட்டிவிட்டதுதான் ஷெரூட், எல்லாச் சிகாரும் ஷெரூட் ஆகாது. 'கொரண்டம்' நம் குருந்தம். மாணிக்கமும் நீலமும் கொரண்டத்தின் வகைகள் என்பதால் கனிமவியலில் தினமும் புழங்குகிறது. 'வெட்டிவர்' நம் வெட்டிவேர், வாசனைத் திரவிய விளம்பரங்களில் 'எ நோட் ஆஃப் வெட்டிவர்' என்று வரும்.

எனக்குப் பிடித்தது 'மல்லிகடாணி'. மிளகுத்தண்ணீர் என்று தொடங்கி, கறியும் கிரீமும் சேர்ந்த சூப்பாக அது உருமாறிவிட்டது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தச் சூப்பை வைத்தே 'மல்ஸ்' என்று பட்டப்பெயர் இருந்ததாக 1886இல் வந்த, ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி சொல்கிறது. நம் வீட்டு ரசத்தை விருந்தாளிக்கு 'மல்லிகடாணி' என்று அறிமுகப்படுத்தாதீர்கள், ரசம் என்றே சொல்லுங்கள்.

'பரையா ஸ்டேட்' என்று பெரிய பத்திரிகைகளே எழுதுகின்றன. நாமும் எழுதலாமா?

உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் இப்படிக் குறிப்பது உண்மைதான். சொல் எங்கிருந்து போனது என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பறை அடித்த மக்களின் பெயரை, 'ஒதுக்கப்பட வேண்டியவர்' என்ற பொருளில் உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். எழுதுகிற ஆங்கிலேயருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும். 'அவுட்காஸ்ட்' என்பதிலும் சாதி வாடை வீசுகிறதே என்று தயங்கினால், 'ஐசலேட்டட்', 'ஷன்ட்', 'ஆஸ்ட்ரசைஸ்ட்' எல்லாம் இருக்கின்றன. மொழிபெயர்க்கும்போது மூலத்தில் வந்தாலும் 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்று எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அரசியல் செய்திகளுக்கு ஏற்ற ஒன்றிரண்டு சொல்லுங்களேன்.

'ஜெரிமேண்டர்'. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, தன் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை மாற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரினத்தின் வடிவத்தில் இருந்தது. இரண்டையும் ஒட்டிப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. ஆளுநர் பெயர் கெர்ரி, சொல் மட்டும் ஜெரி என்று ஆகிவிட்டது. கள்ள ஓட்டுக்கும் வாக்குப்பெட்டித் திருட்டுக்கும் இதைப் போடாதீர்கள். தொகுதி மறுவரையறை எல்லாமே ஜெரிமேண்டரிங்கும் ஆகாது. ஒரு தரப்பின் லாபத்துக்காகக் கோடு இழுத்தால்தான். 'தே ஜெரிமேண்டர்ட் தி டிஸ்ட்ரிக்ட்' என்று, தொகுதியைச் செயப்படுபொருளாக வைத்து எழுதுங்கள்.

'ககிஸ்டாக்ரசி' என்றால் இருப்பவர்களிலேயே மோசமானவர்களின் ஆட்சி. 2024க்கான சொல்லாக 'தி எகானமிஸ்ட்' இதைத் தேர்ந்தெடுத்தது. திட்டுவதற்கு மட்டுமே பயன்படும்.

எழுத வருகிறது, வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

புத்தகத்தில் கற்ற சொல்லுக்கு இந்தப் பயம் நியாயமானதே. நம் ஊரில் அதிகம் வழுக்குகிறவை இவை: 'ஹைபர்போல்' என்று கண் படிக்கும், சொல்ல வேண்டியது 'ஹைபர்பலி'. 'எபிடோம்' இல்லை, 'எபிட்டமி'. 'ஆவ்ரி' என்று தோன்றுவது 'அரை'. கடைசி அசையில் அழுத்தம், 'தி பிளான் வென்ட் அரை' என்றால் திட்டம் சொதப்பியது. 'செக்' என்று நின்றுவிடாமல் 'செக்வே', ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போவது. 'விக்சுவல்ஸ்' போலத் தெரிவது 'விட்டில்ஸ்', சாப்பாட்டுச் சாமான். 'மிஸ்சீவியஸ்' என்று நாலு அசை வேண்டாம், 'மிஸ்சிவஸ்'. பெட்ரிகோரில் 'ச்' வராது.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் அரிய சொற்களுக்கு மதிப்பெண் கூடுமா?

கூடும், குறையவும் செய்யும். அந்தத் தேர்வின் வெளிப்படையான மதிப்பீட்டுக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வில் அதிகம் புழங்காத சொற்களை முயன்று சற்றுப் பிசகினால் அது 6ஆம் பேண்டின், அதாவது மதிப்பெண் நிலையின், அடையாளம். அதே வகைச் சொற்களைத் தொனியும் சேர்க்கையும் ஓரளவு அறிந்து போட்டால் 7. முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இங்கேயும். தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்த பட்டியலைக் கொண்டுபோய் கட்டுரையில் கொட்டுகிறவர்களைத் திருத்துகிறவர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு சொல் எதோடு சேரும் என்று எங்கே பார்ப்பது?

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் போன்ற, கற்பவர்களுக்கான அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள், பொருளை அப்புறம் பார்க்கலாம். அரிய சொல் என்றால் அதுவும் போதாது. நூறு கோடிச் சொற்களுக்கு மேல் தொகுத்துள்ள 'கோகா' என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவுத்தொகுப்பில் பதிவு செய்துகொண்டு தேடலாம். 'ஃபராகோ ஆஃப்' என்று தட்டிவிட்டு, வலது பக்கத்தில் வரும் சொற்களைக் கண்ணை ஓட்டினாலே அதன் குணம் தெரிந்துவிடும். பத்து வாக்கியம் பார்த்தும் உங்களுக்கு வேண்டிய மாதிரி ஒன்றுகூட இல்லை என்றால், அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை போடலாம்?

ஒன்று. அதையும் அடித்துப் பார்த்து, இல்லாமலே வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அந்த 29 எழுத்துச் சொல்லை வாக்கியத்தில் போட முடியுமா?

'ஃப்ளாக்சி-நாசி-நிஹிலி-பிலி-ஃபிகேஷன்'. ஒன்றை மதிப்பற்றது என்று தள்ளிவிடும் செயல் அல்லது பழக்கம். 'துளியும் மதிப்பில்லை' என்ற பொருள் தரும் நான்கு லத்தீன் சொற்களைக் கோத்து விளையாட்டாகச் செய்தது. 1741லேயே ஒரு கடிதத்தில் வந்திருக்கிறது. 2018இல் தரூர் தன் புத்தகத்தை அறிவிக்கும்போது இதை எடுத்துவிட, மறுபடியும் அகராதிகள் புரட்டப்பட்டன. பெயர்ச்சொல், பின்னால் 'ஆஃப்' போட்டு எதைத் தள்ளிவிடுகிறாரோ அதை எழுத வேண்டும். வேடிக்கைக்குத் தவிர வேறெதற்கும் இது உதவாது. வேண்டுமானால் வீட்டில் சொல்லிப் பாருங்கள்: 'ஐ ஆம் டயர்ட் ஆஃப் யுவர் ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன் ஆஃப் மை உப்புமா.'